நாற்பத்தொன்றாவது துண்டு

எந்த ஊரில் கடல் எவ்வளவு ஏறும் என்ற கணக்கு புயல் கரையேறுமுன் முடியவேண்டுமென்று கடற்கரையை அறுபத்துநாலு துண்டாக்கி, துண்டுக்கொரு கணினி வைத்தோம். ஒவ்வொன்றும் தன் துண்டை மட்டுமே அறியும். எல்லையில் தண்ணீர் எவ்வளவு என்று பக்கத்துக் கணினியைக் கேட்டுத்தான் மேலே போகும். நாற்பத்தொன்று பதில் சொல்லவில்லை. மற்றவை காத்துக் கிடந்தன. அந்தத் துண்டில்தான் என் ஊர் ஆலமுனையும் என் பெண்சாதியும்.

"அதை எடுத்துட்டு நாற்பதையும் நாற்பத்திரண்டையும் ஒட்டும், ஓய். மத்த ஊராவது பிழைக்கட்டும்" என்றார் அதிகாரி மரியதாஸ்.

ஒட்டினேன். உடனே விடை வந்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை போயிற்று. அவளைக் கூட்டிவர பஸ் ஏறினேன்.

"ஆலமுனையா? அப்படியொரு ஸ்டாப்பே இல்லையே, பெரியவரே" என்றார் தினமும் என்னை ஏற்றிவரும் கண்டக்டர்.

"அப்ப காலையில இதை யாருய்யா கட்டிக் கொடுத்தது?" என்று என் தூக்குவாளியை நீட்டினேன்.

வாங்கித் திறந்து பார்த்தார். "புளிச்சோறு. இன்னும் சூடா இருக்கே."