மூட மறுத்த வால்வு

வெர்லன் கைப்பிடியை முழு பலத்தோடு உள்ளே தள்ளினார். வால்வு பாதி வழி போய் நின்றுகொண்டது.

குடியிருந்த டிரெய்லர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். முதுகுக்குக் கீழே அரிசோனாவின் சரளை மண். முகத்துக்கு ஒரு முழம் மேலே கழிவறைத் தொட்டி.

காலையிலிருந்து செய்யாத வைத்தியம் இல்லை. கழிவறை வழியாகச் சோப்பு கரைத்த வெந்நீரை வாளி வாளியாக ஊற்றினார். வால்வுக் கம்பியில் சிலிக்கான் ஸ்பிரே அடித்தார். இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். திறக்கிறது. மூடத்தான் மாட்டேன் என்கிறது.

டிரெய்லர்களை நிறுத்திக் குடியிருக்கும் அந்த பார்க்கின் மேனேஜர் ஹாஸ்கெல் வந்து நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்து டிரெய்லர்காரர்கள் நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லையாம். இன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

குளிர்காலம். பனிக்குப் பயந்து வடக்கேயிருந்து வந்தவர்கள் ஊரில் ஒரு பார்க் விடாமல் அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். காலி செய்தால் போக்கிடம் இல்லை.

வெர்லனுக்கு இந்த இடம் வேண்டும். இங்கிருந்து புற்றுநோய் ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். மனைவி நடீனுக்காகத்தான் நெப்ராஸ்கா வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரோடு வந்திருந்தார். ஊசிகளெல்லாம் கைவிட்டபின், டாக்டரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு மாத்திரை. அது கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

போன மாத ஸ்கேனில் கட்டி கொஞ்சமும் சுருங்கவில்லை. டாக்டரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்னும் ஆறு வாரம் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

வால்வு கெட்டதற்குக் காரணம் நடீன்தான்.

டிரெய்லர்காரர்களுக்கு இது பாலபாடம். இந்த வால்வை மூடியே வைக்க வேண்டும். தொட்டி நிறைந்தபிறகு திறந்தால், எல்லாம் ஒரே பாய்ச்சலில் சாக்கடைக்குப் போய்விடும். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். மற்றது அங்கேயே குந்திக்கொள்ளும்.

இது தெரியாத புது ஆட்களை இருபது வருஷமாகக் கேலி செய்தவள் நடீன். அவளே, அவர் மூட மூட, பின்னாலேயே போய்த் திறந்துவிட்டிருக்கிறாள். கேட்டதற்கு மறந்துபோச்சு என்றாள்.

நோய் தலைக்கும் ஏறிவிட்டதோ என்று வெர்லன் பயந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

தலைக்கு மேலே பலகையில் காலடிச் சத்தம். ஜன்னல் திறந்தது.

"கிழவா, வெளியே வா. இதுக்குன்னு ஆள் இருக்கான், கூப்பிடு. உன் முதுகு போயிட்டா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது?"

"போனா போகட்டும். பக்கத்துல கட்டில் போடச் சொல்லி நானும் படுத்துக்கறேன்."

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. ஜன்னலையும் மூடவில்லை.

கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, நான்கு போல்ட்டுகளையும் கழற்றினார். வாளியைக் கீழே நகர்த்தி வைத்து வால்வை உருவினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வால்வின் தகடு ஓடும் பள்ளத்தில் ஏதோ அடைந்துகிடந்தது. திருப்புளியால் நெம்பினார். வெள்ளியாக ஒன்று மின்னியது. இன்னொன்று. அடுக்கடுக்காக ஏழு.

வாளித் தண்ணீரில் ஒன்றை அலசினார்.

கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம். ஒரு பக்கம் வெள்ளித் தாள். மறுபக்கம் பிளாஸ்டிக் குமிழ். குமிழுக்குள் மஞ்சளாக, முழுசாக, ஒரு மாத்திரை.

வெட்டு நேர்கோடாக இருந்தது. அவருடைய வெட்டு.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. அட்டையிலிருந்து உறையோடு கத்தரிக்கோலால் வெட்டித் தட்டில் வைத்துக் கொடுப்பது அவர்தான். விழுங்கும்போது குமட்டும், நீ பக்கத்தில் நின்று பார்க்காதே என்று நடீன் சொல்லியிருந்தாள். தட்டையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

தொட்டியின் வாய்க்குள் விரலை விட்டார். அங்கே இன்னும் இருந்தன. எண்ணவில்லை. இவை ஓடிப்போகட்டும் என்றுதான் வால்வைத் திறந்து திறந்து விட்டிருக்கிறாள்.

"என்னவாம்?" ஜன்னலிலிருந்து நடீனின் குரல் வந்தது. மெலிந்திருந்தது.

வெர்லன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"பழைய ரப்பர்," என்றார்.

தொட்டியை மறுபடி மறுபடி அலசினார். வாங்கி வைத்திருந்த புது வால்வைப் பொருத்தி, நான்கு போல்ட்டுகளையும் முறுக்கினார். கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போய் மூடியது. ஹாஸ்கெலிடம் போய்ச் சொன்னார். நீங்கள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர் தோளில் தட்டினார்.

ஆறு மணிக்கு நடீன் வழக்கம்போல மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். டம்ளரை விட்டுவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

வெர்லன் மாத்திரை அட்டையை எடுத்தார். கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

குமிழைக் கட்டை விரலால் அழுத்தினார். வெள்ளித் தாள் கிழிந்து மஞ்சள் மாத்திரை தட்டில் விழுந்தது. அடுத்ததையும் அழுத்தினார். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

நடீன் தட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது தொட்டித் தண்ணியில கரைஞ்சிரும்," என்றார் வெர்லன்.