சம்மன் பரீட்சை

“அடுத்தது யாரு? வாங்க, வந்து என்னைப் புடிங்க பாப்போம்!”

டென்டன் சார் மேசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். வக்கீல் ஆபீசில் உதவியாளராகச் சேர்வதற்கான படிப்பு எங்களுடையது. அன்று சம்மன் பரீட்சை. அவர் தப்பியோடும் பிரதிவாதி. நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஒரு பொய்ச் சம்மனை அவர் கையில் சேர்க்க வேண்டும்.

வருஷா வருஷம் இந்தக் கூத்து உண்டு. கதவுக்குப் பின்னால் ஒளிவார். காது கேட்காதவர் மாதிரி நடிப்பார். “டென்டனா? அந்தாளு செத்துப் போயாச்சே” என்பார். கல்லூரியே பேசிக்கொள்ளும் வகுப்பு அது.

நிஜத்திலும் மனுஷன் இதில் கெட்டிக்காரர் என்பது எனக்கும் கூடப் படிக்கும் இமெல்டாவுக்கும் மட்டும் தெரியும்.

இமெல்டாவின் புருஷன் பால்டோ. பாதாம் உடைக்கும் ஆலையில் இயந்திரம் அவருடைய வலது கையை முழங்கையோடு இழுத்துக்கொண்டுபோனது. அந்த இயந்திரத்தைச் செய்த கம்பெனி மேல் வழக்குப் போடுவதாக ஏற்றுக்கொண்ட வக்கீல் இதே டென்டன். பால்டோவின் வீட்டார் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எப்போது போனாலும் ஆபீஸ் பெண்தான். “சார் பாத்துக்கிட்டிருக்கார்” என்பாள்.

சார் ஒரு மண்ணையும் பார்க்கவில்லை. வழக்குப் போடவேண்டிய கெடு முடிந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தகவல் மட்டும் வந்தது.

நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பால்டோ இடது கையால் சோள ரொட்டி சுட்டுப் போட்டார். சட்டைப் பொத்தான் அவிழ்ந்தபோது மகளைக் கூப்பிட்டார். அவள் போட்டுவிடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவளுக்கு எப்படி இருக்கும்!

அந்த வயிற்றெரிச்சலில்தான் இமெல்டா படிக்க வந்தாள். டென்டன் எடுக்கும் வகுப்பாகத் தேடி, பிறந்த வீட்டுப் பெயரில் சேர்ந்தாள். வேறொரு வக்கீலைப் பிடித்து, புருஷனும் பெண்டாட்டியுமாக டென்டன் மேலேயே வழக்கும் போட்டாள்.

சம்மன்தான் சேரவில்லை. ஆபீசில் கேட்டால் சார் இல்லை. வீட்டில் கேட்டால் ஊரிலேயே இல்லை. நீதிபதி கொடுத்த கடைசித் தவணை அந்தப் பரீட்சை நாளோடு முடிகிறது. அன்றைக்குள் அந்த ஆள் கைக்குப் போகாவிட்டால் வழக்கு குப்பைக்குப் போகும்.

“வண்டி நிறுத்துற இடத்துல மடக்கி, ஆள் விட்டுக் குடுத்துடு” என்று எத்தனையோ தடவை சொன்னேன். கேட்டால்தானே! வகுப்பில்தான் நடக்க வேண்டும், அத்தனை பேர் முன்னால் நடக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

“இமெல்டா, வாம்மா! புடி பாப்போம்.”

அவள் எழுந்து போனாள். துரத்தவில்லை. அவர் எதிரே போய் நின்று காகிதத்தை நீட்டினாள்.

“நான் பால்டோ கிரோஸ் பொண்டாட்டி. இது நெசமான சம்மன்.”

டென்டனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

ஆனால் வாங்கிப் படிக்கப் படிக்க ரத்தம் திரும்பியது. பிறகு சிரிப்பும் வந்தது.

“வழக்குப் போட்டவங்கள்ல உன் பேரும் இருக்கே! வழக்குப் போட்டவ தன் கையாலயே குடுத்தா செல்லாதும்மா. முதல் வாரத்துப் பாடம். அன்னிக்குத் தூங்கிட்டியா?”

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது.

டென்டன் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். “எல்லாரும் பாத்துக்குங்க. தப்பான கை குடுத்தா இதான் கதி. இமெல்டாவுக்கு முட்டை!”

அவள் பையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அடுத்தது நான்.

டென்டனுக்கு இப்போது ஏகக் குஷி. ஓடக்கூட இல்லை. மேசை விளிம்பில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவராகவே கையை நீட்டினார்.

“குடுங்க ஒடெட். ஓடி ஓடிக் களைச்சுப்போச்சு. உங்களுக்கு முழு மார்க்கு.”

கொடுத்தேன். வாங்கினார். சிரித்தபடியே பிரித்தார்.

அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அவர் வாயிலேயே நின்றுவிட்டது. அதே முத்திரை. அதே வழக்கு.

இமெல்டா போன வாரமே இரண்டு பிரதி எடுத்து ஒன்றை என்னிடம் தந்திருந்தாள். “முதல்ல நான் போறேன் ஒடெட். அவன் நல்லா சிரிக்கட்டும். வயிறு நிறைய சிரிக்கட்டும். அப்புறம் நீ போ” என்றாள். அவளுடைய வக்கீல் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். எனக்கும் அது வீண் வம்பாகத்தான் பட்டது. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

டென்டன் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பல வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய கிழவி, வகுப்பில் வாயே திறக்காதவள், அவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

“நீ... நீ யாரு அவங்களுக்கு?”

“யாருமே இல்ல சார். அதனாலதான் நான் குடுத்தா செல்லும்.”