குதிரை நகர்கிறது

"பார்த்தியா? என் வேலையில கை வெச்சிருக்கான்!"

நான் போட்ட சத்தத்தில் மனைவி ஈரக்கையோடு கொட்டகைக்கு ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"குதிரை நகர்ந்திருக்கு."

நான் பிஸ்கட் டப்பாவில் கிட்டார் செய்கிறவன். அதில் தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்ன மரக்கட்டைதான் குதிரை. அதை ஒட்டுவதில்லை. தந்தியின் அழுத்தத்திலேயே டப்பா மேல் நிற்கும். எப்போதும்போல டேப்பால் அளந்து, பள்ளிக்கூட வேலையாயிற்றே என்று இந்த முறை பென்சிலால் கோடும் போட்டு, கோட்டின் மேல் நிறுத்தியிருந்தேன். இப்போது கோடு ஒரு பக்கம், குதிரை ஒரு பக்கம்.

"குதிரைன்னா நடக்கத்தானே செய்யும்" என்றாள்.

"சிரிக்காதே. ரெண்டு கால் பிராணி ஒண்ணு வந்து நகர்த்தியிருக்கு."

கொட்டகை அப்பா விட்டுப்போனது. நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் தம்பி. உடைந்த நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவன். இளவயதில் ஏதோ வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தானாம், அந்தத் தலைக்கனம் வேறு. நாங்கள் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

காரணம் சின்னதில்லை. என் ஸ்டீல் டேப்பை இரவல் வாங்கினான். நுனியை உடைத்துத் திருப்பிக் கொடுத்தான். கேட்டதற்கு, "நுனிதானே போச்சு, புதுசு வாங்கித் தர்றேன்" என்றான். நுனிதானேவாம்! உன் புதுசு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அந்த டேப்பில்தான் அளக்கிறேன். அவன் கண்ணில் படுகிற மாதிரி ஆணியில் மாட்டியும் வைத்திருக்கிறேன். கொக்கி போனால் என்ன, ஒன்றிலிருந்து எல்லா எண்ணும் அப்படியே இருக்கிறது.

"இதுல உங்க தம்பிக்கு என்னங்க லாபம்?"

"வயித்தெரிச்சல். நாளன்னிக்கு டீச்சர் வர்றாங்க. இது சரியா இருந்தா பள்ளிக்கூடத்துக்குப் பத்து கிட்டார் நான்தான் செய்யப்போறேன். அது பொறுக்கல."

அந்தப் பக்கம் சுத்தியல் ஒரு நொடி நின்றது. பிறகு தட்ட ஆரம்பித்தது. ஆள் வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எப்படித் திறக்கும்?

குதிரையைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால், மறுபடி அரை விரல் அகலம் தள்ளி நின்றது.

அதற்குமேல் பொறுக்க நான் என்ன கல்லா? கிட்டாரை வீட்டுக்குள் கொண்டுபோய், குதிரையைக் கோட்டில் நிறுத்தி, துணி வைக்கிற இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"என் துணியெல்லாம் உள்ளே இருக்குங்க!"

"ரெண்டு நாளைக்குக் கட்டினதையே கட்டு."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சொன்ன நாளில் டீச்சர் வந்தார். ஏற்கெனவே என்னிடம் மூன்று கிட்டார் வாங்கியவர். பெட்டியிலிருந்து கிட்டாரை எடுத்துக் கொடுத்தேன். கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து சுருதி சேர்த்தார். வெறும் தந்தியை மீட்டினார். தலையாட்டினார். பிறகு விரல் வைத்து அழுத்தி மீட்டினார். முகம் சுருங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியாது. முகம் பார்க்கத் தெரியும்.

"ஐயா, வெறும் தந்தி சரியா பேசுது. விரல் வெச்சா ஸ்வரம் ஏறிப்போகுது. மேலே போகப்போக இன்னும் மோசம். இதைப் பிள்ளைங்க கையில எப்படிக் குடுக்கறது?"

"அதெப்படி? போன மூணு மாதிரியேதான் செஞ்சேன். விரல் வைக்கிற மெட்டுக் கம்பியெல்லாம் அதே அளவுப் பட்டையை வெச்சுத்தான் அடிச்சேன். குதிரை சரியா அறுபத்தஞ்சு சென்டிமீட்டர். இந்தாங்க, நீங்களே அளந்து பாருங்க."

டேப்பை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அளக்கவில்லை. டேப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுக்கு முன்னாடி பாதி காணோமே, ஐயா?"

"அது என் தம்பி உடைச்சது" என்றேன், அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

"அப்போ இதுல அறுபத்தஞ்சுன்னா அறுபத்தஞ்சே இல்லை. அரை சென்டிமீட்டர் குறையும்."

தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, குதிரையை மெல்லத் தள்ளினார். மறுபடி சுருதி சேர்த்து, விரல் வைத்து மீட்டினார். முகம் மலர்ந்தது.

"ம், இப்போ சரி. போன மூணும் இப்படித்தான் இருந்துச்சு. பத்தும் செஞ்சிடுங்க ஐயா."

குதிரை நின்ற இடத்தைப் பார்த்தேன். கோட்டிலிருந்து அரை விரல் அகலம் தள்ளி. அந்த இடம் எனக்குப் புதிதில்லை. இரண்டு தடவை அதை அங்கேதான் பார்த்தேன். இரண்டு தடவையும் திட்டினேன்.

டீச்சர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்:

"ஆமா, இந்த டேப்பை வெச்சுக்கிட்டு அந்த மூணும் மட்டும் எப்படிய்யா சரியா வந்துச்சு?"

நான் சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுத்தியல் நின்றிருந்தது.

அவர் போன பிறகு சுண்ணாம்புக் கோடு வரை நடந்தேன். தம்பி ஒரு நாற்காலிக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தொண்டையைச் செருமினேன்.

"டேய்... உன் டேப்பைக் கொஞ்சம் குடு."

நிமிர்ந்து பார்த்தான். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துக் கோட்டுக்கு மேலே நீட்டினான். நான் பிடித்த பிறகும் அவன் கை விடவில்லை.

"உடைக்காமத் திருப்பிக் குடுண்ணே."