நாலு வார பிளான்

"யோவ் மாஸ்டர்! எம்மக வெறுங்கால்ல சுவத்தோரம் நின்னு ஹாக்கி வட்டு தட்டுறதுக்கா நான் இம்புட்டு வெலையில சக்கர ஷூ வாங்கிக் குடுத்தேன்?"

வண்டியை நிறுத்தும் முன்பே கத்தத் தொடங்கிவிட்டார் பாண்டியராஜன். தல்லாகுளம் மைதானத்தில் கோச் மலையாண்டி மட்டும்தான் இருந்தார். பிள்ளைகள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

மதுரை வெயிலில் ஐஸுக்கு எங்கே போவது? சிமெண்டுத் தரையில் சக்கர ஷூ மாட்டித்தான் இங்கே ஐஸ் ஹாக்கி பழகுகிறார்கள். அடுத்த ஞாயிறு, லடாக் போகும் டீமுக்கு செலக்‌ஷன். பாண்டியராஜனுக்கு ஒரே மகள். அவள் அதில் இடம் பிடித்தே ஆக வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

"உக்காருங்கண்ணே..."

"உக்கார வரல. இதப் பாரு."

போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வாராவாரம் வரும் பயிற்சி பிளான்.

"நாலு வாரமாப் பாத்துட்டேன். அந்தப் பேரையூர்க்காரி முனீஸ்வரி ஓடுறப்பல்லாம் எம்மக தமிழ்வாணி சுவத்தோரம். ஒரு நாளாச்சும் ரெண்டு பேரையும் சேத்து ஓட விட்டிருக்கியா?"

"டிரில் அப்பிடி அமைஞ்சிருச்சுண்ணே."

"அமைஞ்சிருச்சா? கனடாக்காரன் ஆயிரம் டிரில் வீடியோ போட்டு வச்சிருக்கான். அதுல தேடித் தேடி, பாதிப் பேரு ஷூவக் கழட்டிட்டு நிக்கிறதாப் பொறுக்கி எடுத்திருக்க. எந்த மடப்பய பாத்த வேல இது?"

மலையாண்டி குனிந்து தரையில் கிடந்த வட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். பாண்டியராஜனுக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. பதில் பேசாதவன் தப்பு செய்தவன் என்பது அவர் கணக்கு.

"நல்லாக் கேட்டுக்க. அவ ஆத்தா எங்க மாமனார் காட்டுல பருத்தி எடுக்கிறவ. அவளும் எம்மகளும் ஒண்ணா? நாளையிலருந்து அந்தப் புள்ள இங்க வரக்கூடாது. வந்தா எம்மகள நிப்பாட்டிருவேன். ஒன் கிளப்பையும் நடத்த விடமாட்டேன்."

இப்போதுதான் மலையாண்டி நிமிர்ந்தார். அவர் முகமும் சிவந்திருந்தது.

"ஒரு புள்ளைக்கு வாக்குக் குடுத்திருந்தேன். மீற வச்சிட்டீங்க."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"டிரில் எடுத்தது நான் இல்லண்ணே. ஒரு மாசமா வீடியோவெல்லாம் தேடி, ஒண்ணொண்ணாப் பிரிச்சு எழுதிக் குடுத்த மடப்பய யாருன்னு இதுல இருக்கு. நீங்களே பாருங்க."

வெடுக்கென்று பிரித்தார் பாண்டியராஜன். பக்கம் பக்கமாகக் கட்டங்கள், அம்புக்குறிகள், சிவப்பு மையில் பெயர்கள். அந்தக் கையெழுத்து அவருக்குத் தெரியும். மாதாமாதம் அவர் சட்டைப் பையில் வரும் மளிகைச் சீட்டின் கையெழுத்து.

முதல் பக்கத்தில் தமிழ்வாணி எழுதியிருந்தாள்:

"முனீஸ்வரிக்கு ஷூ இல்லை. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ். அதனால ஒரு ஜோடியை மாத்தி மாத்திப் போடுற மாதிரி டிரில் மட்டும் எடுத்திருக்கேன். மாஸ்டர், எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவ கால் பட்டது தெரிஞ்சா ஷூவைத் தூக்கி வைகையில போட்டுருவாரு."