ஓணானின் தலையாட்டல்

சித்திரை ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு, கண்ணியில் ஒரு காலை ஒடித்துக்கொண்ட கொளஞ்சி என்கிற முயல், கொக்கு வைத்தியரின் வாசலில் வந்து விழுந்தாள்.

"உச்சி வெயிலுக்குள் கட்டணும்மா. தாண்டினால் காலை எடுக்க வேண்டியதுதான்," என்றார் கொக்கு. "ஆனால் காப்பீட்டுச் சங்கம் சரி சொல்லாமல் நான் தொடக் கூடாது."

மூன்று வருஷமாகச் சங்கத்துக்குத் தவறாமல் புல் கொடுத்து வந்தவள் அவள். சங்கத்து அதிகாரி ஓணான் எதிர்வேலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"கட்டலாமா ஐயா?" என்று அவரைக் கேட்டாள் கொளஞ்சி.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டினார். கொளஞ்சிக்குப் போன உயிர் வந்தது. கொக்கு மூங்கில் பத்தையை எடுத்தார்.

"நில்லுங்க," என்றார் ஓணான். "நான் எப்போ சரின்னேன்?"

"தலையாட்டினீங்களே!"

"அது பிறவிக் குணம்மா. ஓணான் வேறெதை ஆட்டும்?"

"சங்கத்தில் சேரும்போது, கால் ஒடிஞ்சா பார்ப்பீங்களான்னு கேட்டேன். அப்பவும் ஆட்டினீங்க."

"அப்பவும் அதே குணம்தான்."

"அப்போ முடியாதுங்கிறீங்களா?"

"முடியாதுன்னும் நான் சொல்லலையே. பரிசீலனையில் இருக்கு," என்று மறுபடி ஆட்டினார்.

வேலியின் நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. கால் வீங்கிக் கறுத்தது. கொளஞ்சி கெஞ்சக் கெஞ்சத் தலை ஆடியது. கொக்கு பத்தையைப் பிடித்தபடியே நின்றார். வெயில் உச்சிக்கு வந்து, சாய்ந்தது.

ஆவணி ஒன்பதாம் தேதி காட்டுச் சபை ஒரு விதி செய்தது: கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் சங்கம் வாயால் பதில் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் வைத்தியர் கட்டிவிடலாம். அந்தக் கூட்டத்துக்குக் கொளஞ்சி மூன்று காலில் வந்திருந்தாள்.