சார்ஜ் எடுக்கணும்

"மூணு மிஷினும் காலியா இருக்குன்னு ஆப்புல போட்டிருக்கான் மாமா. இங்க வந்து பாருங்க லட்சணத்தை."

"எப்படிம்மா பார்க்கிறது? கண்ணுலதான் மருந்து ஊத்தியிருக்கே" என்றார், பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த மாமனார்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அவர்கள் ஏறி இறங்கும் மூன்றாவது சார்ஜிங் நிலையம் இது. ஒரு மிஷின் செத்துக் கிடந்தது. இன்னொன்றின் முன்னால், நிழல் கிடைத்ததே என்று யாரோ ஒரு பெட்ரோல் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். உருப்படியாக இருந்த ஒன்றில் ஒரு வேன் ஆற அமரக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் மாமனாரைக் கண் ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இன்றைக்கு விட்டால் டாக்டர் வெளிநாடு போய்விடுவார். அப்புறம் எப்போது என்று அவருக்கே தெரியாது. பேட்டரியோ அடுத்த தெரு வரைக்கும்கூடத் தாங்காது. வாடகைக் கார் கூப்பிட்டால், டிரைவர்கள் சொல்லிவைத்தாற்போல ரத்து செய்தார்கள்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. கழுத்தை நெரிக்கிற டையோடு இறங்கிய ஒருவர், நேராக அவளிடம் வந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் என்னை முன்னால விடுங்க. மதியத்துக்குள்ள நான் சார்ஜ் எடுத்தாகணும்."

"நாங்க மட்டும் என்ன, பூப்பறிக்கவா வந்திருக்கோம்?"

"அதில்லைம்மா. இன்னைக்கு எடுக்கலைன்னா என் வாழ்க்கையே போச்சு."

"உங்களுக்கு வாழ்க்கை, எங்களுக்குக் கண்ணு. பின்னால நில்லுங்க சார்."

"சார்ஜ் ஏத்துறதுன்னுதானே சொல்வாங்க?" என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது. "இவர் எடுக்கணுங்கிறாரே?"

"எடுக்கட்டும், ஏத்தட்டும், என்னமோ பண்ணட்டும் மாமா. எதுவா இருந்தாலும் நமக்கு அப்புறம்தான்." காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எரிச்சல் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மிஷினை நட்டுட்டுப் போனாப் போதுமா சார்? அதைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டாம்? அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும், இந்த வயராலேயே கட்டிப்போடுறேன்."

டைக்காரர் தன் கார்ப்பக்கம் ஒதுங்கிப் போய் யாருக்கோ போன் போட்டார்.

ஒருவழியாக வேன் நகர்ந்தது. அவள் காரை உள்ளே விட்டு, வயரைத் தூக்கிச் சொருகினாள். மிஷின் ஒரு முனகு முனகியது. திரை அணைந்துபோனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மிஷினில் ஒட்டியிருந்த புகார் எண்ணுக்கு அடித்தாள்.

"ஆமா மேடம், லாக் ஆயிடுச்சு" என்றது ஒரு பெண் குரல். "இங்கிருந்தே திறந்துடலாம். ஆனா மேலதிகாரி உத்தரவு வேணும்."

"அப்போ அவர்கிட்டக் கேளுங்களேன்."

"பழையவர் நேத்தே ரிலீவ் ஆயிட்டார். புது ஆபீசர் இன்னைக்குத்தான் வந்து சார்ஜ் எடுக்கணும். அவர் வந்து உட்கார்ந்துட்டா ஒரு நிமிஷ வேலை."

"எப்பதான் வருவார்?"

"அதுதான் தெரியல மேடம். இப்பதான் போன் பண்ணினார், பாதி வழியில நிக்கிறாராம். யாரோ ஒரு அம்மா அவரை சார்ஜ் எடுக்கவே விடமாட்டேங்கிறாங்களாம்."