எப்போதும் 1863

"வாஷிங் மிஷின்ல சோப்புத்தூளை எந்தக் குழியில போடணும்?"

மளிகைக் கடையில் நின்ற வெர்னாவிடம் அந்த மனிதர் இப்படிக் கேட்டதும், பக்கத்துக் குகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்த கூட்டம் முகம் சுளித்தது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு பூங்காவுக்குள் இருக்கும் பழைய குடியிருப்பில் காலண்டர் நகராது. அங்கே எப்போதும் 1863தான். அந்தக் காலத்து ஆட்களாக வேஷம் கட்டி வேலை பார்ப்பவர்கள் போனை அலுவலகத்தில் பூட்டிவிட்டுத்தான் வர வேண்டும். பார்வையாளர் முன்னால் இந்தக் காலத்துச் சங்கதி ஒன்று தெரிந்ததாகக் காட்டிக்கொண்டாலும் வேலை போய்விடும். வெர்னாவுக்கு இது சோதனை வாரம்; தேறினால்தான் வேலை நிரந்தரம். மேற்பார்வை பார்க்கும் ட்ரூடி மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சரித்திரமாவது ஒன்றாவது. வேஷக்காரர்களின் வாயைக் கிளறி மாட்டிவிடுவதில்தான் ஆனந்தம். விதைக் கம்பெனியின் பெயர் பொறித்த தொப்பி போட்ட இந்த மனிதரும் அந்த ரகம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். குகைக்கும் குடியிருப்புக்கும் ஒரே டிக்கெட் என்பதால் இவரோடு குகையிலும் மாரடித்தாயிற்று. வழிகாட்டி விளக்கை அணைத்ததும் எல்லோரும் அந்தக் கும்மிருட்டில் மூச்சடக்கி நிற்க, "மளிகைக் கடைக்கு எப்ப போவோம்?" என்று இவர் குரல் மட்டும் கேட்டது.

வெர்னா நிதானமாகப் பதில் சொன்னாள். "மிஷினா? அப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லையே ஐயா. தொட்டி இருக்கு, தேய்க்கிற பலகை இருக்கு. கொஞ்சம் குனிஞ்சு தேய்ச்சா அழுக்கு தானா போயிடும்."

கூட்டம் சிரித்தது. மனிதர் விடவில்லை. மைக்ரோவேவில் வைத்த முட்டை ஏன் வெடித்தது, டிவி ரிமோட் எங்கே, வைஃபை பாஸ்வேர்டு என்ன என்று அடுக்கிக்கொண்டே போனார். வெர்னா கண்ணை அகல விரித்து விழித்தாளே தவிர, ஒரு சொல் வழுக்கவில்லை. அவருடைய குரல் கெஞ்சலுக்கு இறங்கியது. வேஷக்காரியையே மிஞ்சுகிற நடிப்பு என்று ஒரு அம்மாள் எரிச்சலோடு முணுமுணுத்தாள்.

"பிரஷர் மாத்திரை காலையிலயா, ராத்திரியா? அதையாவது சொல்லு."

"உடம்புக்கு முடியலைன்னா வைத்தியரைப் பாருங்க ஐயா. அட்டையை விட்டு ரத்தத்தை உறிஞ்ச வெச்சா சரியாப் போயிடும்."

கடையே கை தட்டியது. மனிதர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போனார். தோற்றவனைப் பார்த்துச் சிரிப்பதில் உள்ள சுகமே தனி. கூட்டம் அதை மிச்சம் வைக்கவில்லை.

மாலை, கதவைச் சாத்தியதும் ட்ரூடி வெர்னாவின் தோளைத் தட்டி, வேலை நிரந்தரம் என்று சொன்னாள். அந்தப் பாஸ்வேர்டு கேள்வியில் நானே உளறியிருப்பேன் என்று ஒப்புக்கொண்டாள்.

"அந்தாளை இனிமே உள்ள விடாதீங்கன்னு வாசல்ல சொல்லிடட்டுமா?"

"வேண்டாங்க, தினம் வரட்டும்." வெர்னா தாடைக்குக் கீழே கட்டியிருந்த குல்லாயின் நாடாவை அவிழ்த்தாள். "அவர் என் வீட்டுக்காரர். கேட்டது ஒண்ணுகூட விளையாட்டில்ல, நிஜமாவே தெரியாது. முப்பது வருஷத்துல அவர் கேட்டதுக்கு 'எனக்கும் தெரியாது'ன்னு நான் சொல்ல முடிஞ்சது இந்த ஒரு இடத்துலதான்."